ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

ஆட்டுப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஓர் எண்ணைத்தான். குட்டி ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எடை கூடும்? பயிற்சி வகுப்பில் இதைக் கேட்கிறார்கள், காணொளிகளில் இதைச் சொல்கிறார்கள், குட்டி விற்பவர்கள் விளம்பரத்திலேயே இதைப் போடுகிறார்கள். தென் ஆப்பிரிக்க இனமான போயரின் கலப்புக்கு ஓர் எண், கேரளத்துத் தலைச்சேரிக்கு ஓர் எண். நாட்டு ஆடு என்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இன்னோர் எண்.

எண்ணில் பொய் இல்லை. நல்ல தீவனமும் கவனிப்பும் கிடைத்தால் போயர் குட்டி நாளொன்றுக்கு 200 கிராமுக்கு மேல் கூடும். மேய்ச்சலை மட்டும் நம்பி வளரும் நம் கன்னி ஆட்டுக் குட்டி 50, 60 கிராமைத் தொட்டாலே நாங்கள் திருப்திப்பட்டுக்கொள்வோம். நான்கு மடங்கு வித்தியாசம், சந்தேகமே இல்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பொதுநிலத்தில் மேயும் மந்தையையும் பரண் மேல் கட்டி வளர்க்கும் பண்ணையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இது உருப்படாது, அது லாபம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நான் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவன். பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடை எழுதும் பையனைப் பார்த்தால் வரும் எரிச்சல் இதிலும் வருகிறது.

எங்கள் குடும்பத்தில் இரண்டு முறையும் உண்டு. ஊர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பக்கம். சித்தப்பா கன்னி ஆட்டு மந்தை வைத்திருக்கிறார்: கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு அல்லது செங்கோடு, உயரமான கால். கண்மாய்க்கரை, தரிசு, அறுவடை முடிந்த காடு என்று நாள் முழுக்க மேய்ச்சல். அவருடைய மகன், எனக்குத் தம்பி, பொறியியல் படித்துக் கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் பரண் போட்டவன். தரையிலிருந்து ஐந்தடி உயரம், இடைவெளி விட்ட மரச்சட்டத் தளம், கீழே புழுக்கை விழுந்துவிடும், பக்கத்திலேயே தீவனத்துக்குக் கம்பு நேப்பியரும் வேலிமசாலும். ஆடு மேய்க்க எனக்குத் தெரியாது. தொங்குதராசைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியும். இருவருடைய குட்டிகளையும் எடை போட்டுக் குறிக்கும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது.

ஆனால் இந்த ஒப்பீடு நம் ஊரில் பிறந்தது அல்ல. பொதுநில வளர்ப்பு, வணிகப் பண்ணை வளர்ப்பு என்று ஆடுகளை இரண்டு பத்தியில் எழுதிப் பார்க்கும் வழக்கம் தென் ஆப்பிரிக்காவில் ஆழமாக வேரூன்றியது. அதற்குக் காரணம் ஆடு அல்ல, சட்டம். 1913இல் வந்த நிலச்சட்டம் அந்நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைக் கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மீதியில் அவர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்றது. 1936இல் இன்னொரு சட்டம் அந்த 7ஐ ஏறத்தாழ 13 ஆக்கியது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினருக்கு அவ்வளவுதான் இடம். இன்று பொதுநில வளர்ப்பு என்று ஆய்வாளர்கள் எழுதுவது பெரும்பாலும் அந்த ஒதுக்குப் பகுதிகளில் நடப்பதைத்தான்: கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால், லிம்போபோ மாகாணங்களின் கிராமங்கள், வேலியில்லாத ஊர் மேய்ச்சல், இரவில் முள்பட்டி. எதிர்ப்பத்தியில் இருப்பவை வெள்ளையர் கைக்குப் போன பெரும் பண்ணைகள். அங்கே வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் நிலம், முறை வைத்து மாற்றி மேய்த்தல், உப்புக்கட்டி, தடுப்பூசி, எடைப் பதிவேடு.

போயர் ஆடு உருவானது அந்த இரண்டாவது பத்தியில். மூலப்பொருள் மட்டும் முதல் பத்தியிலிருந்து போனது. ஆப்பிரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஆடுகளைக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிழக்குக் கேப் பண்ணையாளர்கள் இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் அது. வெள்ளை உடல், செந்தலை, தொங்கும் காது. 1959இல் வளர்ப்போர் சங்கம் அமைத்து, எது போயர், எது இல்லை என்று இலக்கணமும் எழுதிக்கொண்டார்கள். ஆகவே அந்நாட்டில் இரண்டு பத்தி எடைகளையும் வைத்துக் கழித்தால் வரும் விடையில் இனம் கொஞ்சம், புல் கொஞ்சம், மருந்து கொஞ்சம், மீதி 1913.

இதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அவர்களுடைய வணிகப் பண்ணையில் கூரை முக்கியமே இல்லை, வேலிதான் முக்கியம். போயர் ஆடும் புதர்க்காட்டில் இலை கடித்து, முள் விலக்கி, நடந்து மேய்ந்து வளர்ந்த ஆடுதான். நாம் எண்ணை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான ஏக்கரை இறக்குமதி செய்ய முடியாதே. அதனால் நம் ஊரில் வணிக முறை என்றால் பரண் என்று ஆகிவிட்டது.

இனி எங்கள் குறிப்பேட்டுக்கு வருகிறேன். கன்னிக் குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். பரணில் பிறந்தாலும் பட்டியில் பிறந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பரண் குட்டி பத்துக் கிலோவைத் தாண்டி நிற்கிறது. பட்டிக் குட்டி ஏழிலோ எட்டிலோ நிற்கிறது. ஒரு வயதில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. இவ்வளவை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். மாதாமாதம் எடை போட்டால்தான் அடுத்தது தெரியும்: பட்டிக் குட்டி எல்லா மாதமும் மெதுவாக வளர்வதில்லை. சில மாதங்களில் பரண் குட்டியை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் வளர்கிறது, சில மாதங்களில் நின்றுவிடுகிறது, சித்திரை வைகாசியில் பின்னோக்கியும் போகிறது. பரண் குட்டியின் எடைக்கோடு சாய்தளம், பட்டிக் குட்டியின் கோடு படிக்கட்டு. சராசரி எடுத்து 55 கிராம் என்று எழுதினால் படிகள் மறைந்துவிடுகின்றன. வளர்ச்சி எந்தப் படியில் நின்றது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் நிற்கும் இடம் தாயின் மடி. மந்தை காலை வெயில் ஏறியதும் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்பும். அதுவரை குட்டிகள் பட்டியில், கூடைக்குள். இரண்டு வேளை பால்தான். பரணில் தாய் பக்கத்திலேயே நிற்பதால் நினைத்தபோது ஊட்டும். அதோடு கன்னி ஆடு இரட்டைக்குப் பேர்போனது. நல்ல தாய் என்றால் இரண்டு குட்டி, சிலது மூன்றும் போடும். மடி ஒன்று, வாய் இரண்டு. குட்டி ஒன்றின் எடையைப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு தாய் ஒரு ஈற்றில் பால் மறக்கடித்து விடும் மொத்த எடையைக் கூட்டினால் எட்டும் எட்டும் பதினாறு. ஒற்றைக் குட்டி போட்டு அதைப் பன்னிரண்டு கிலோவாக்கும் ஆட்டை விட இது அதிகம். குட்டிக்கு எத்தனை கிராம் என்று கேட்கும் யாரும் தாய்க்கு எத்தனை கிலோ என்று கேட்பதில்லை.

இன்னொன்றையும் யாரும் கேட்பதில்லை. செத்த குட்டிக்கு எடை கிடையாது. மூன்றாம் மாத சராசரி என்பது மூன்றாம் மாதம் வரை பிழைத்தவற்றின் சராசரி. ஐப்பசி, கார்த்திகை ஈற்றில் தாய்க்குப் பச்சை இருக்கும், பால் இருக்கும், ஆனால் பட்டி ஈரத்தில் குட்டிகள் சளி பிடித்துப் போகும். மாசி, பங்குனி ஈற்றில் குட்டி காய்ந்த தரையில் கிடந்து பிழைத்துக்கொள்ளும், தாய்க்குப் பால் இருக்காது. சித்தப்பாவின் பட்டியில் அடைமழைக்காலத்தில் குட்டிகள் கிடக்கும் மூலைக்கு மட்டும் பழைய பலகை அடித்துத் தரையை ஓரடி உயர்த்திக் கொடுத்தோம். செலவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பரணிலிருந்து பட்டி கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான் என்று தம்பியிடம் சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது தடை வயிற்றுக்குள். மழை பெய்து கண்மாய் ஓரம் புல் துளிர்த்ததும் ஆடு தலையைக் குனிந்து மேயத் தொடங்கும். வெள்ளாட்டுக்கு இயல்பு தலையை உயர்த்தி இலை கடிப்பது. குனிந்து புல் மேய்ந்தால் ஈரப்புல் நுனியில் காத்திருக்கும் புழுவின் இளம்பருவமும் சேர்ந்து உள்ளே போகும். நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று போதும், பச்சை நிறையத் தின்றும் குட்டி எடை ஏறாது. கண் வெளிறும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். பரண் குட்டி இதிலிருந்து தப்பிவிடுகிறது, ஏனென்றால் அதன் வாய் புழுக்கை இருக்கும் தரைக்கு வருவதில்லை. பரணின் வெற்றியில் பாதி தீவனத்தால் வந்ததல்ல, இந்த ஐந்தடி உயரத்தால் வந்தது என்பது என் முடிவு.

இதற்கும் தென் ஆப்பிரிக்காவே ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் 1990களில் ஃபாமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். ஆட்டின் கீழிமையைப் பிதுக்கி உள்சதையின் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் மருந்து வேண்டாம், வெளிறியிருந்தால் மருந்து கொடு. மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும் என்பதால், எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றிப் புழுவுக்கு மருந்தைப் பழக்கிவிடும் கூத்தும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பருக்கும் கைவரும் முறை. சித்தப்பா அட்டை இல்லாமலே பாதி செய்துகொண்டிருந்தார். வாங்கப் போகும் ஆட்டின் இமையைத் திருப்பிப் பார்ப்பார், சொந்த ஆட்டின் இமையைப் பார்க்க மாட்டார். இப்போது பார்க்கிறார்.

மூன்றாவது கோடை. பங்குனிக்குப் பிறகு கரிசலில் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஆடு பல கிலோமீட்டர் நடக்கும். தின்றதில் பெரும்பகுதி நடையிலேயே கரைந்துவிடும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஆடுகளைக் காப்பாற்றுவது, சொன்னால் பலருக்குப் பிடிக்காது, சீமைக்கருவேலங்காய்தான். இனிப்பும் புரதமும் உள்ள காய். மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதை ஆடுகள் பொறுக்கித் தின்னும். சீமைக்கருவேலை ஒழிக்க வேண்டும் என்று பேசும் கூட்டங்களில் எப்போதும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆட்டுக்காரர் ஒருவரும் இருப்பதில்லை. அந்த மரம் கண்மாயைக் கெடுத்தது உண்மை, விதையை ஊரெல்லாம் பரப்பியதில் இதே ஆட்டுப் புழுக்கைக்குப் பங்கு இருப்பதும் உண்மை. ஆனால் குடைவேலும் வெள்வேலும் அழிந்துபோன இடத்தில் வைகாசி மாதத்துக்கு வேறு என்ன இருக்கிறது? காயைப் பொறுக்கிக் காயவைத்து மூட்டை கட்டி வைப்பது, தொரட்டியால் வேப்பங்குழையும் அகத்திக் குழையும் இழுத்துப் போடுவது, சாயங்காலம் திரும்பியதும் பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் ஒரு கைப்பிடி தவிடும் புண்ணாக்கும். படிக்கட்டின் சமதளங்கள் இதனாலேயே குறுகிவிடுகின்றன. மழை வந்ததும் பட்டினி கிடந்த குட்டி இழந்ததை ஈடுகட்டும் வேகத்தில் வளரும் என்பதையும் சொல்ல வேண்டும்; பரண் குட்டிக்கு அப்படி ஒரு துள்ளல் மாதம் கிடையாது.

பால், புழு, கோடை. மூன்றிலும் ஆட்டின் பிறப்பைக் குறை சொல்ல இடமில்லை. சித்தப்பாவின் கிடாக்குட்டிகள் சிலவற்றைத் தம்பி தன் பரணில் ஏற்றி வளர்த்தபோது அவை பழைய வேகத்தில் ஒன்றரை மடங்குக்கு வந்தன. போயர் வேகத்துக்கு வரவில்லை, வரவும் வராது. அங்கே நிற்பது இனத்தின் எல்லை.

அந்த எல்லையை நாமே சுருக்கிக்கொண்டும் இருக்கிறோம். மந்தையில் எந்தக் கிடாக்குட்டி வேகமாக வளர்கிறதோ அதைத்தான் வியாபாரி முதலில் கேட்பார், அதைத்தான் நாமும் முதலில் விற்போம். நோஞ்சான் விலைபோகாமல் நின்று, வயதுக்கு வந்து, மந்தைக்குத் தகப்பனாகிவிடும். கிழக்குக் கேப் பண்ணையாளர்கள் செய்ததற்கு நேர் எதிர். அவர்கள் முதல்தரக் கிடாவை வைத்துக்கொண்டு மற்றதை விற்றார்கள். பல ஊர்களில் நல்ல பொலிகிடா என்று மிஞ்சுவது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாதான். அதை யாரும் விற்க முடியாது, அடிக்க முடியாது, எவர் காட்டிலும் மேயும், கொழுத்துத் திரியும், கோயில் கொடைத் திருவிழா வரும்வரை ஊர் ஆடுகள் எல்லாம் அதன் வாரிசைத்தான் சுமக்கும். இனவிருத்திக் கொள்கை என்று அரசு எழுதியதைக் காட்டிலும் கருப்பசாமி செய்தது அதிகம் என்று சில சமயம் தோன்றும்.

இப்போது பரண் பக்கம். வேகம் அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். காசு எங்கே இருக்கிறது? விலைகளை எல்லாம் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். தவிடு, புண்ணாக்கு, தானியம் கலந்த அடர்தீவனம் கிலோ 30 ரூபாய், பசுந்தீவனம் வளர்க்கும் செலவு கிலோவுக்கு 2 ரூபாய். ஒரு தாய் ஆடு நாளொன்றுக்கு 300 கிராம் அடர்தீவனமும் 4 கிலோ பசுந்தீவனமும் தின்றால் 17 ரூபாய். ஈற்றுக்கு ஈற்று எட்டு மாதம், அதாவது 240 நாள் என்று வைத்தால் 4,080 ரூபாய். ஐம்பது தாய்க்கு ஓர் ஆள், தினக்கூலி 500 என்றால் தாய்க்கு 10 ரூபாய் வீதம் 2,400. இரட்டையில் சில சாகும், சில தாய் ஒற்றை போடும். ஈற்றுக்கு ஒன்றரைக் குட்டி தேறுகிறது என்று கொண்டால், நாலு மாதக் குட்டி ஒன்றின் தலையில் 4,320 ரூபாய் ஏறியிருக்கிறது. அந்தக் குட்டி 11 கிலோ, உயிர் எடை கிலோ 400 என்று போனால் 4,400. மிச்சம் 80 ரூபாய். இதில் பரண் கட்டிய கடன், தடுப்பூசி, மின்சாரம், குட்டி தானே தின்ற தீவனம் எதுவும் சேரவில்லை.

ஐந்து மாதச் சினையையும் மூன்று மாதப் பாலூட்டலையும் வாடகை வீட்டில் வைத்து நடத்தினால் இப்படித்தான். வருடம் முழுக்கத் தின்று, வருடத்துக்கு ஒன்றரை முறை மட்டும் ஈனும் தாயைக் கட்டிப்போட்டு வளர்ப்பது எங்கள் பக்கத்தில் பலரைக் கடனில் தள்ளியது. வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். கிராம் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். தாயின் பங்கை யாரும் சொல்லித் தரவில்லை.

குட்டியை வாங்கிக் கொழுக்க வைத்துப் பாருங்கள், கணக்கு திரும்பிவிடும். நாலு மாதக் குட்டியை 4,400க்கு வாங்கி, நாளொன்றுக்கு 250 கிராம் அடர்தீவனமும் 3 கிலோ பசுந்தீவனமும் போட்டால் செலவு 13.50. நாளுக்கு 100 கிராம் வீதம் 120 நாளில் 12 கிலோ கூடி 23 கிலோ. தீவனம் 1,620, நூறு குட்டிக்கு ஓர் ஆள் என்று கூலி 600. விற்றால் 9,200. கையில் 2,500க்கு மேல் நிற்கிறது. பரண் இதற்குத்தான் ஏற்றது: பால் மறந்த குட்டியை விரைவாக எடை ஏற்ற. ஆனால் அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு சித்தப்பாவின் மந்தையிலிருந்து.

மந்தையின் தாய்க்கு என்ன செலவு? நேர்மையாகக் கேட்டால், மேய்ப்பவரின் கூலி. அதைச் சித்தப்பா ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை, வெயிலையும் சேர்த்ததில்லை. நான் சேர்த்துப் பார்த்தேன். நாற்பது தாய்க்கு ஓர் ஆள், அதே 500 ரூபாய் என்றால் தாய்க்கு நாளொன்றுக்கு 12.50, பரணில் ஆகும் கூலியைக் காட்டிலும் அதிகம். எட்டு மாதத்துக்கு 3,000 ரூபாய். பரண் தாய்க்குக் கூலியும் தீவனமும் சேர்ந்து 6,480. மேய்ப்பருக்கு முழுக்கூலி கொடுத்தாலும் பாதிக்கும் குறைவு. கண்மாயும் தரிசும் இலவசம் என்பதால் இந்த விடை வருகிறது.

அந்த இலவசம் குறைந்துகொண்டே வருகிறது. மேய்க்கால் புறம்போக்கு என்று அடங்கலில் எழுதியிருக்கும் இடத்தில் கட்டடம் நிற்கிறது. அறுவடைக்குப் பிறகு யார் ஆடும் மேயலாம் என்றிருந்த புன்செய்க் காடுகளில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள், கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், சூரிய மின்தகடு விரித்திருக்கிறார்கள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. மலையடிவாரத்து மந்தைக்காரர்களுக்கு வேறு சிக்கல்: 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். மேய்க்கும் இடம் கொடுப்பது திட்டத்தில் இல்லை. 2019 கணக்கெடுப்பில் மாநிலத்து வெள்ளாடுகள் சுமார் 99 லட்சம், 2012இல் இருந்ததைவிடப் பதினேழு லட்சத்துக்கு மேல் கூடுதல். ஆடு பெருகுகிறது, தரை சுருங்குகிறது.

நோய் விஷயத்தில் இரு முறைக்கும் வெற்றி தோல்வி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். ஊசி போட்ட மந்தை தப்பும், போடாதது போகும். பரணா பட்டியா என்று அது பார்ப்பதில்லை. சந்தையில் வாங்கிய குட்டியைத் தனியே சில வாரம் வைக்காமல் நேரே பரணில் ஏற்றினால் நெருக்கத்தினால் வேகமாகப் பரவும், அவ்வளவுதான் வேறுபாடு.

சந்தைக்கு வந்தால் கிராம் கணக்கு இன்னும் இளைத்துவிடுகிறது. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் தராசைத் தேட வேண்டும். தரகர் ஆட்டின் முதுகெலும்பின் மேல் விரல் வைத்து அழுத்துவார், தொடையைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு துண்டுக்கடியில் விரல் விலை பேசும். கொடைக்குக் கிடா வாங்க வந்தவருக்கு வேண்டியது மறுவில்லாத கறுப்பு. பக்ரீத் குர்பானிக்கு வாங்க வருகிறவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார். வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், ஆறே மாதத்தில் முப்பது கிலோ ஏறியிருந்தாலும் அது அவருக்கு ஆகாது. தென் ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இதே நிலைதான். கோசா மக்கள் பிறந்த குழந்தையை முன்னோருக்கு அறிமுகப்படுத்தும் இம்பெலேகோ சடங்குக்கு ஆடு வெட்டுகிறார்கள். தன் மந்தையிலிருந்து அதற்காக ஓர் ஆட்டை ஒதுக்கி வைத்திருப்பவரிடம் போய், இந்த ஆடு சந்தை எடைக்கு வர இத்தனை நாள் தாமதம் என்று புள்ளிவிவரம் காட்டினால் அவர் என்ன சொல்வார்?

இதனால் எல்லாம் மெதுவான வளர்ச்சி நல்லது என்று நான் சொல்லவில்லை. மெதுவாக வளரும் குட்டி கூடுதலாக ஒரு கோடையைக் கடக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு கோடையிலும் சில விழுகின்றன. நான் கேட்பது வேலையைப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று. தாயை மந்தையில் விடுவது, குட்டியை நாலாம் மாதம் பரணுக்கு ஏற்றுவது. எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். தம்பி தன் தாய் ஆடுகளைக் குறைத்துக்கொண்டான். சித்தப்பாவிடமும் இன்னும் சில மந்தைக்காரர்களிடமும் குட்டி எடுக்கிறான், உயிர் எடைக்கு. தராசு வைத்து வாங்கத் தொடங்கியதும் மந்தைக்காரர்கள் பால்குடிக் குட்டியின் எடையைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். புழு மருந்துக்கும் தாய்க்குப் போடும் தவிட்டுக்கும் பலன் தராசில் தெரிகிறது என்றானபோது, எங்கள் பேச்சால் நடக்காதது தானாக நடந்தது.

பொலிகிடா விவகாரம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல கன்னிக் கிடா ஒன்று வெளியூரிலிருந்து வாங்கி மந்தைகளுக்குப் பொதுவில் விட வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதுவரை நோஞ்சான்களை இளசிலேயே காயடித்துவிட வேண்டும் என்பது தம்பியின் யோசனை. செலவைப் பகிர நாலு வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர், கிடா எப்படியும் தன் ஆடுகளோடும்தானே மேயும், தான் எதற்குப் பணம் தர வேண்டும் என்கிறார். அவர் பணம் தராவிட்டால் தானும் தருவதாக இல்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஆவணிக்குள் பேசி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மந்தை பருவத்துக்கு வந்துவிடும்.